மரநாய்க் காப்பிக்கு நான் போட்ட மார்க்

இருபத்தாறு வருடம் காப்பியை உறிஞ்சித் துப்பியே சம்பளம் வாங்கியவள் நான். அதற்கு முன்னால் ஐந்து வருடம் இதே கம்பெனியின் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து சொத்தைக் கொட்டை பொறுக்கியிருக்கிறேன். டேஸ்டிங் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி மேனேஜர் கேட்டார். எவ்வளவு தூளுக்கு எவ்வளவு தண்ணீர், கரண்டியை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. நான் தெரிந்தே செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். தெரியாமல் செய்த தப்புகள் நிறைய உண்டு. அவற்றை யாரானாலும் மன்னித்துவிடுவார்கள், என்னையும் மன்னித்தார்கள். இது அந்த வகை இல்லை.

மெஹருன்னிசா வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. திண்டுக்கல் பேகம்பூரில் அவள் அத்தா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக்கொடுப்பவர். டிகிரி முடித்து, கர்நாடகத்தில் காப்பிப் படிப்பு ஒன்றும் படித்துவிட்டு வந்திருந்தாள். நான் படித்தது ரெட்டியார்சத்திரம் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும். டேஸ்டிங் ரூமில் அதுவரை என் சொல்தான் சொல். நான் தலையாட்டினால் மூட்டை வாங்கப்படும், உதட்டைப் பிதுக்கினால் லாரி திரும்பிப் போகும். மலையில் இருக்கிற எஸ்டேட்காரர்கள்கூட "தனலட்சுமியம்மா என்ன சொன்னாங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அவள் வந்த இரண்டாவது வாரம். ஒரே மூட்டையில் இருந்து எடுத்த கொட்டையை ஐந்து கப்பில் போட்டு வைத்திருந்தோம். ஒன்றில் கோளாறு இருந்தாலும் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் ஐந்து கப் வைப்பது. நான் ஐந்தையும் குடித்துவிட்டு, சரி என்று எழுதிவிட்டேன். மெஹர் குடிக்கவே இல்லை. குனிந்து மோந்து பார்த்துக்கொண்டே போனவள் மூன்றாவது கப்பில் நின்றாள்.

"அக்கா, இதுல ஒரு கொட்ட அழுகல் போல இருக்கே."

நான் மறுபடியும் குடித்தேன். இருந்தது. நாக்கின் ஓரத்தில், இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு இருந்தது. முதலாளி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். "என்ன தனம், இனிமே ஒனக்குக் கொஞ்சம் லீவு குடுக்கலாம் போலயே" என்று சிரித்தார். விளையாட்டாகச் சொன்னதுதான். நானும் சிரித்தேன். மெஹர் மட்டும் சிரிக்காமல், "இல்ல சார், அக்கா இன்னைக்கு முப்பது கப் குடிச்சிருக்காங்க. நான் இப்பத்தான் வந்தேன்" என்றாள். எனக்காகப் பேசினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மிதப்பாக நின்றிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். நல்லவளாக இருந்து என்னைத் தாண்டிப் போனாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் முடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "என்ன, வெஞ்சனம் சரியில்லையா?" என்றார். நான் வைத்த வெஞ்சனம்தான், கத்தரிக்காய்க் கூட்டு. நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ருசி தெரியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த ஒரு வார்த்தையைத் தவிர எது வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

அடுத்த வருடம் பழ சீசனில், கீழ்ப்பழனி மலையில் ஒரு எஸ்டேட்டுக்கு மெஹரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவள் டிபன் டப்பாவைத் திறந்து முதலாளி முன்னால் வைத்தாள். உள்ளே காய்ந்துபோன எச்சம். கடலை மிட்டாயை உடைத்துப்போட்ட மாதிரி, கட்டி கட்டியாக, பெரும்பாலும் காப்பிக் கொட்டை.

"ஏம்மா, சாப்புடுற டப்பாவுலயா இதக் கொண்டாந்த?" என்று முதலாளி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"மரநாய் போட்டது சார். பாறை மேலயும், விழுந்து கெடக்குற மரத்து மேலயும் கெடக்கு. அங்க அதக் கூட்டித் தள்ளிக்கிட்டிருக்காங்க. வெளிநாட்டுல இதுக்கு என்னா வெல தெரியுமா?"

உங்களில் சிலர் இதைப் புனுகுப்பூனைக் காப்பி என்று படித்திருப்பீர்கள். பேப்பரில் அப்படித்தான் போடுகிறார்கள். நம் பக்கத்து மலையில் காப்பிப் பழம் தின்பது மரநாய். புனுகுப்பூனை வேறு, அது அதிகமாகத் தரையில் திரிகிற பிராணி. மரநாய் இருட்டியபின் கிளை கிளையாக ஏறி, கருஞ்சிவப்பாகப் பழுத்த பழமாகப் பார்த்துத்தான் தின்னும். செங்காயைத் தொடாது. நம் ஆட்கள் பகல் வெளிச்சத்தில் பறித்தாலும் பத்துக்கு ஒன்று காயாக வந்துவிடும். அதன் வயிற்றில் சதை செரித்துவிடும். கொட்டையும் அதன் மேல் இருக்கும் கெட்டியான ஓடும் அப்படியே வெளியே வந்துவிடும். அதைப் பொறுக்கி, பலமுறை கழுவி, வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்து எடுத்து, இளவறுவலாக வறுக்க வேண்டும். கழுவும்போது கூட நின்றவள் என்பதால் சொல்கிறேன், அசிங்கம் என்று எதுவும் மிச்சமிருக்காது.

முதன்முதலாக அதை மேசையில் வைத்தபோது எனக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. கேவலமாக இருக்க வேண்டும்.

கேவலமாக இல்லை. நம் மலைக் காப்பியில் முதல் வாயிலேயே ஒரு புளிப்பு எழுந்து நிற்குமே, அது அடங்கியிருந்தது. கசப்பு பின்னால் வந்து தொண்டையைப் பிடிக்கவில்லை. மழைக்கு முந்தின மண்வாசம் கொஞ்சம், கருப்பட்டி கொஞ்சம். வாயில் வழுவழுவென்று நின்று, துப்பிய பிறகும் போக மனசில்லாமல் இருந்தது. உலகத்தில் இல்லாத ருசி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சரியாகப் பறித்து சரியாகக் காயவைத்த நல்ல காப்பி ஒன்று அதற்குப் பக்கத்தில் நிற்கும், சில நாள் முந்தவும் செய்யும். அந்த விலையில் பெரும்பங்கு ருசிக்கு இல்லை. காட்டில் ஒரு பிராணி எங்கே போட்டது என்று தேடித் தேடி ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி சேர்க்கிற அருமைக்கும், கேட்டவுடன் முகம் சுளித்துப் பிறகு கப்பை நீட்டுகிறவர்களுக்குச் சொல்லும் கதைக்கும்தான். ஆனாலும் அன்றைக்கு என் முன்னால் இருந்த கப் நல்ல கப். எண்பத்தாறு மார்க் போடவேண்டிய கப்.

நூற்றுக்கு எண்பதைத் தொடாத கப் சாதாரணச் சரக்கு. எழுபத்தெட்டு என்று எழுதினேன். "சுமார்தான் சார். மண்ணு வாட தூக்குது" என்றேன்.

அத்தனை வருடத்தில் மார்க் சீட்டில் நான் எழுதிய முதல் பொய் அது. மெஹர் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். சண்டைக்கு வரவில்லை. என் கப்பை வாங்கி இன்னொரு வாய் குடித்தாள், நான் சொன்ன மண் வாடையைத் தேடுவதுபோல. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் எழுபத்தெட்டு யாருக்கும் பெரிதாகப் படவில்லை. முதலாளி பெங்களூரில் பெரிய ஓட்டல்களுக்குக் காப்பி வாங்கித் தருகிற ஒருவருக்கு நூறு கிராம் அனுப்பினார். அவர் மறுநாளே போன் செய்தார். அந்த சீசனில் கிடைத்தது மொத்தமே சில கிலோதான். ஒரு கிலோவின் விலை, நம் கொட்டகையில் ஒரு பெண் மாதம் முழுக்கக் கொட்டை பொறுக்கி வாங்குகிற சம்பளத்தைத் தொட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு நாள்வாரியாக நினைவிருக்கிறது. பேப்பரில் மெஹர் படம் வந்தது. கொட்டகைப் பெண்கள் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அவர்களில் இரண்டு பேர் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள். பெங்களூர்க் கண்காட்சிக்கு முதலாளி அவளைக் கூட்டிப்போனார். அவளுக்குத் தனி மேசை போட்டார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் புது டின் வந்து இறங்கியது. கறுப்பு டின், பொன்னிற எழுத்து. கீழே சின்னதாக அச்சடித்திருந்தார்கள்: சுவை பார்த்துத் தேர்ந்தெடுத்தவர், மெஹருன்னிசா.

இத்தனை வருடம் என் நாக்கு வழியாகப் போன காப்பி எத்தனை லாரி இருக்கும். ஒரு பொட்டலத்திலும் என் பெயர் இல்லை. போடலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை, யாருக்கும் தோன்றியதில்லை. அந்த டின்னைக் கையில் எடுத்து அவள் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். மை அழியவில்லை. நல்ல அச்சு.

"அக்கா, பேரெல்லாம் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல" என்றாள் பின்னால் வந்து நின்ற மெஹர்.

"அதுக்கென்ன புள்ள, நல்லதுதான" என்றேன்.

மறு வருடம் பெங்களூர்க்காரர் பத்து மடங்கு கேட்டார். மலையில் கூட்டிப் பொறுக்கினாலும் அந்தக் கைப்பிடிக்கு மேல் எப்படி வரும்? அப்போதுதான் நெய்க்காரப்பட்டியில் இருந்து தங்கவேல் என்பவர் இரண்டு சாக்கோடு வந்தார். தென்னந்தோப்புக்காரர். மலையில் ஒரு எஸ்டேட்டைக் குத்தகைக்கு எடுத்திருப்பதாகவும், ஆள் வைத்துப் பொறுக்குவதாகவும் சொன்னார். ஒரு சாக்கில் கழுவிக் காயவைத்த கொட்டை. இன்னொன்றில் அத்தாட்சிக்காக, கழுவாத எச்சம்.

அந்தச் சமயத்தில் மெஹருக்குக் கடுமையான சளி. மூக்கு முழுக்க அடைத்து, கண் சிவந்து, பேச்சே கரகரத்தது. நம் தொழிலில் மூக்கடைத்தால் நாக்கும் போச்சு என்று உங்களுக்கே தெரியும். சாக்கை என்னிடம் காட்டிச் சொன்னாள்:

"அக்கா, எனக்கு வெந்நித் தண்ணி மாதிரிதான் இருக்கு. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிருங்க. நீங்க சொன்னா நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

நான் முதலில் எச்சத்தைத்தான் உடைத்துப் பார்த்தேன். காட்டில் திரிகிற மரநாய் காப்பிப் பழத்தை மட்டுமா தின்னும்? மலையில் இருந்து மெஹர் கொண்டுவந்த எச்சத்தில் அத்தி விதை இருந்தது, நாவல் கொட்டை இருந்தது, வண்டு ஓடு இருந்தது. இதில் காப்பிக் கொட்டையைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. முற்றாத வெள்ளைக் கொட்டைகள் நிறைய. தேர்ந்து தின்ன வழியில்லாமல், போட்டதைத் தின்ற பிராணி. இன்னொன்றும் இருந்தது. முடி. ஒவ்வொரு கட்டியிலும் குட்டை குட்டையாகச் சாம்பல் முடி. அது தன் முடியையே கடித்துத் தின்றிருக்கிறது.

கூண்டு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கப்பும் அதைத்தான் சொன்னது. பச்சைப் புல் வாடை, நடுவில் ஒன்றுமில்லாத வெறுமை, கடைசியில் மூடி வைத்த அறையின் நாற்றம்.

மெஹர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் என் மனது எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. கையெழுத்து அவளுடையது. டின்னில் இருக்கும் பெயர் அவளுடையது. நான் செய்யவேண்டியது ஒரு வார்த்தை சொல்வது மட்டும்.

"நல்லாருக்கு புள்ள. அனுப்பு" என்றேன்.

பெங்களூர்க்காரர் ஒரு வருட ஒப்பந்தம் போட நேரில் வருவதாகத் தகவல் வந்தது. புதன்கிழமை காலை. அதற்குள் தங்கவேல் இன்னும் நான்கு சாக்கு அனுப்பியிருந்தார். எல்லாம் மெஹர் பெயர் போட்ட டின்களுக்குள் போய்விட்டது.

என் திட்டம் இது. நேரில் போய்க் கூண்டைப் பார்த்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். புதன்கிழமை எல்லார் முன்னாலும், எனக்கு ஆரம்பத்தில் இருந்தே சந்தேகம், போய்ப் பார்த்தேன், இதோ என்று வைக்க வேண்டும். கம்பெனியைக் காப்பாற்றினவள் நான், ஏமாந்தவள் அவள். நான் "அனுப்பு" என்று சொன்னதற்கு எங்கேயும் எழுத்து இல்லை. பழனிக்குப் போய்வருகிறேன் என்று செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முதலாளி என்ன சொல்வார், மெஹர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே போனேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. பழனியில் இறங்கி இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன்.

நெய்க்காரப்பட்டியில் தோப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தங்கவேல் என்னைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்து வந்தார். "வாங்க வாங்க, கம்பெனியில இருந்து பெரியம்மாவே வந்துட்டீங்க" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஒளிக்கிற முகமே இல்லை. பார்க்க வேண்டும் என்றதும் தானாகவே கூட்டிக்கொண்டு போனார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே, கப்பில் நான் கண்டுபிடித்த அந்த நாற்றம் அடித்தது.

ஆறு கூண்டு. கோழிக் கூண்டு அளவுதான் இருக்கும். பகலில் சுருண்டு தூங்க வேண்டிய பிராணி, ஒவ்வொன்றும் இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையில் இருந்து இந்த மூலைக்கு நடந்துகொண்டே இருந்தது. தட்டில் காயும் செங்காயுமாகக் காப்பிப் பழம் மட்டும். ஒன்றுக்கு வாலில் முடியே இல்லை, புண்ணாகச் சிவந்து கிடந்தது. ஓரத்துக் கூண்டில் இருந்தது நடக்கவில்லை. படுத்தபடியே என்னைப் பார்த்தது. என்னைப் பார்த்ததா, கண் திறந்துதான் கிடந்ததா, தெரியவில்லை. போன வாரம் இரண்டு செத்துப்போனதாகத் தங்கவேல் சொன்னார், தேங்காய் விலை சொல்கிற மாதிரி.

"காட்டு விலங்க இப்புடி அடைக்கலாமா? கேசு ஆகாதா?" என்றேன்.

"ஏனுங்க, தோப்புல ஏறிக் குரும்பையெல்லாம் கடிச்சுப் போடுதுங்க. வெசம் வெச்சுக் கொல்றவங்க இருக்காங்க. அதுக்கு இது பரவால்லீங்களே, தீனி போட்டுத்தானுங்க வெச்சிருக்கேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்குமே மொதல்ல பயந்தானுங்க. உங்க கம்பெனியில கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பிருவாங்கன்னுதான் ரெண்டு சாக்கு மட்டும் கொண்டாந்தேன். அப்ப கூண்டும் ரெண்டே ரெண்டுதானுங்க. நீங்க பாத்து நல்லாருக்குன்னு பாஸ் பண்ணீட்டீங்க, அப்பறம்தான் தைரியம் வந்து மிச்ச நாலும் செஞ்சேன். இன்னும் எட்டு சொல்லிருக்கேனுங்க. அங்க பாருங்க" என்று கைகாட்டினார்.

கொட்டகைக்கு வெளியே இரும்புக் கம்பிகள் அறுத்து அடுக்கியிருந்தன. ஒரு ஆள் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான்.

செல்போன் என் கையில்தான் இருந்தது. ஒரு படமும் எடுக்கவில்லை. அந்த நான்கு கூண்டும் நான் செய்தது. வெளியே பற்றவைத்துக்கொண்டிருந்த எட்டும் நான் செய்வது. நான் மெஹரைக் கவிழ்க்க ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தை டேஸ்டிங் ரூமைத் தாண்டி, பழனி ரோட்டில் வந்து, இங்கே கம்பியாக அறுபட்டுக்கொண்டிருந்தது. நாம் மேசையில் உட்கார்ந்து எழுபத்தெட்டு, எண்பத்தாறு என்று எழுதுகிறோம். அந்த நம்பர் காகிதத்தில் நிற்பதில்லை. எங்கேயோ யாரோ அதை நம்பி மரத்தை வெட்டுகிறார்கள், நடுகிறார்கள், கடன் வாங்குகிறார்கள், கூண்டு செய்கிறார்கள். இதை எனக்கு யாரும் முன்னால் சொன்னதில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

"வேற கூண்டு செய்யாதீங்க. நாளைக்கி கம்பெனியில இருந்து ஆளு வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இளநீர் அப்படியே இருந்தது.

திண்டுக்கல் வந்து இறங்கும்போது சாயங்காலம். வீட்டுக்குப் போகவில்லை. பேகம்பூருக்கு ஆட்டோ பிடித்தேன். மெஹர் வீட்டு முன்னால் அண்டாக்களைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார்கள். மெஹர் அப்போதுதான் தொழுதுவிட்டு எழுந்து வந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னக்கா, பழனி பிரசாதமா?" என்றாள்.

உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கூண்டைப் பற்றி முதலில் சொன்னேன், அது சுலபமாக இருந்தது. பிறகு, "எனக்கு அன்னைக்கே தெரியும் மெஹர். கப்புல தெரிஞ்சுது. முடியையும் பாத்தேன். தெரிஞ்சுதான் அனுப்புன்னு சொன்னேன்" என்றேன்.

"ஏங்க்கா?"

"ஒம் பேரு அந்த டின்னுல இருக்குல்ல. அதுக்குத்தான்."

துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் வந்திருந்தேன்.

"ஒரு மாசமா இழுத்த சளி போயி நாலு நாளாச்சுக்கா" என்றாள். "முந்தாநாளு அந்தக் காப்பியப் போட்டுக் குடிச்சேன். பச்ச வாட, ஒரு நாத்தம். கீழ ஊத்திட்டு மறுபடி போட்டேன். அப்பவும் அப்புடித்தான் இருந்துச்சு. நீங்க நல்லாருக்குன்னு சொல்லிருக்கீங்க. அப்ப எந் நாக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். சளியோட எல்லாம் போயிருச்சு, இனிமே இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு நெனச்சு ரெண்டு ராத்திரி தூங்கல. அத்தாகிட்டக்கூடச் சொல்லல."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

யாருடைய நாக்கைப் பார்த்து நான் இரண்டு வருடம் எரிந்துகொண்டிருந்தேனோ, அவள் தன் நாக்கைவிட என் நாக்கைப் பெரிதாக நம்பியிருக்கிறாள். அழுகல் கொட்டையை மோந்தே கண்டுபிடித்தவள், என் ஒரு பொய்யால் தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறாள். இந்தத் தொழிலில் ஒருத்தரை இதைவிடக் கேவலமாக யாரும் கெடுக்க முடியாது. விஷம் வைத்திருந்தால்கூட உடம்போடு போயிருக்கும்.

புதன்கிழமை காலை பெங்களூர்க்காரர் வந்து உட்கார்ந்தார். முதலாளி ஒப்பந்தத் தாளை எடுத்து வைத்தார். மெஹர் முந்திக்கொண்டாள். "சார், இந்தச் சரக்குப் போகக் கூடாது. கூண்டுல அடச்சு எடுத்தது. நான் சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடது" என்றாள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. விட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்: விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் தானாகவே கீழே இறங்குகிறாள், நான் தள்ளவில்லை என்று மனது சொன்னது. அவ்வளவு பார்த்துவிட்டு வந்த பிறகும் அது அப்படித்தான் சொன்னது.

"அவ பாக்கல சார். அவளுக்கு மூக்கடப்பு. பாத்தது நான். தெரிஞ்சே நல்லாருக்குன்னு சொன்னேன்" என்றேன்.

பெங்களூர்க்காரர் ஒப்பந்தத்தைத் தொடாமல் எழுந்து போனார். டின் எல்லாம் கொட்டி அழிக்கப்பட்டது. முதலாளியே வனத்துறைக்குப் போன் செய்தார். அவர்கள் போய்த் தங்கவேல்மேல் கேஸ் போட்டு, பிராணிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓரத்துக் கூண்டில் இருந்தது பிழைக்கவில்லை. மற்றவை தேறியபிறகு மலையில் விட்டதாகச் சொன்னார்கள். மரநாய்க் காப்பியை நம் கம்பெனி அதோடு விட்டுவிட்டது. காட்டில் பொறுக்கியது எது, கூண்டில் எடுத்தது எது என்று டின்னை வாங்குகிற யாருக்கும் தெரியப்போவதில்லை; நல்ல விலை இருக்கிறவரை கூண்டு செய்ய ஆள் வந்துகொண்டே இருப்பான் என்றார் முதலாளி.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒரு சீசன் முழுக்கப் பொறுக்கு கொட்டகைக்கு அனுப்பினார். இருபது வருடத்துக்கு முன் எழுந்து வந்த அதே சிமெண்டுத் தரையில் முறத்தோடு உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. டேஸ்டிங் ரூம் ஜன்னல் கொட்டகைப் பக்கம்தான் திறந்திருக்கும். மெஹர் காப்பியை உறிஞ்சுகிற சத்தம், சர்ரென்று, நாள் முழுக்கக் கேட்கும். இவ்வளவுக்குப் பிறகு பொறாமை போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? போகவில்லை. அந்தச் சத்தம் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பொறுக்குவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். வெட்கம் ஒரு பக்கம், பொறாமை ஒரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அடுத்த சீசனில் முதலாளி திரும்பக் கூப்பிட்டார். முதல் நாள், சிறுமலைப் பக்கத்தில் இருந்து மெஹர் தேர்ந்தெடுத்து வந்திருந்த ஒரு காப்பி. ஐந்து கப்பும் வைத்தாயிற்று, மார்க் சீட்டு என் கையில். கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் சொன்னேன்:

"சார், இது மெஹர் பாத்துக் கொண்டாந்தது. எனக்கு அவமேல பொறாம இருக்கு. இன்னும் இருக்கு. என் மார்க்க இதுல சேக்காதீங்க."

அறையில் இருந்த பையன்கள் சிரிப்பை அடக்கினார்கள். முதலாளிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மெஹர் சிரிக்கவில்லை. தன் கரண்டியைத் தண்ணீரில் அலசிக்கொண்டே சொன்னாள்:

"எனக்குந்தான் சார் அக்கா மேல இருக்கு. வந்த நாள்லருந்து இருக்கு. பத்தாவது படிச்சிட்டு இம்புட்டுத் தெரிஞ்சு வெச்சிருக்காங்களேன்னு. ரெண்டு பேரு மார்க்கையும் தள்ளிட்டா யாருதான் சார் காப்பிய வாங்குறது?"

பிறகு முதல் கப்பை என் பக்கம் நகர்த்தினாள். "ஆறிரும். குடிங்கக்கா."